கண்ணில் இட்ட மருந்து தொண்டைக்கு வருவது ஏன்?

 

உபவாச நாள்களில் கண் சொட்டு மருந்தை நிறுத்திவிடும் பெரியவர்கள் சமண இல்லங்களில் உண்டு. மருந்து இட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்புத் தோன்றுவதால், நீரும் பருகாத நாளில் ஏதோ உட்கொண்டதாகிவிடுமோ என அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் கற்பனையன்று, மருந்து மெய்யாகவே தொண்டைக்கு வருகிறது.

கண்ணின் உள்மூலையருகே, மேலிமையிலும் கீழிமையிலும் ஊசிமுனையளவு துளை ஒவ்வொன்று உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே சிறு பையொன்றை அடைந்து, அங்கிருந்து மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனாலேயே. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீரோ 10 மைக்ரோலிட்டர் அளவே. கண் கொள்ளாத மருந்து கன்னத்தில் வழியும். அல்லது ஒவ்வோர் இமைப்பிலும் அத்துளைகளுக்குள் உறிஞ்சப்படும். விழிக்குள் சேர்வது பெரும்பாலும் நூற்றில் 5 பங்கிற்கும் குறைவு. ஒரே வேளையில் இரண்டாம் சொட்டும் இடுவது வீண்செலவு என்பது இதனால் விளங்கும்.

அந்தச் சிறு பங்கின் பயணமும் எளிதன்று. கருவிழியின் மேற்படலம் கொழுப்பில் கரையும் பொருளுக்கே எளிதில் வழிவிடும். அதன் அடியிலுள்ள தடித்த நடுப்படலமோ நீரில் கரைவதற்கே இடந்தரும். இரண்டையும் கடக்க வல்ல மருந்தே உள்ளே செல்லும். லட்டனோப்ராஸ்ட் கொழுப்பில் கரையும் வடிவில் புகுந்து, கருவிழியிலுள்ள நொதிகளால் பிளக்கப்பட்ட பின்னரே செயலாற்றத் தொடங்குகிறது. விழியினுள் ஊறும் நீர் வெளியேறுவதைப் பெருக்குகிறது. டிமோலால் அந்நீரின் சுரப்பைக் குறைக்கிறது. இவ்விரண்டும் கிளகோமா என்னும் கண் அழுத்த நோய்க்கு உரியவை. மருந்து விட்டுப்போனால் அழுத்தம் உயரும். பெரும்பாலும் வலியேதுமின்றியே பார்வை நரம்பு நலியும். நலிந்த நரம்பு மீள்வதில்லை.

மூக்கில் வடியும் டிமோலால் குருதியில் கலந்து, இதயத் துடிப்பைத் தளர்த்தவும் ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுத்திணறல் தரவும் கூடும். ஆகவே மருந்து இட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கையொட்டிய உள்மூலையை விரலால் 2, 3 நிமிடம் அழுத்திக்கொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுவர். இமை கொட்டலாகாது. வடிகால் அடைபடுவதால் விழிக்குள் சேரும் மருந்து மிகும். தொண்டைக்கு வருவது பெரிதும் குறையும். முற்றிலும் நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை.

எஞ்சும் துளி விரதத்தைக் குலைக்குமா என்பது முனிவர்களிடம் கேட்கத்தக்கது. வேளையை மாற்றலாமா என்பது மருத்துவரிடம் கேட்கத்தக்கது. உபவாசம் தொடங்குமுன்னரே கேட்டுக்கொள்வது நலம். லட்டனோப்ராஸ்ட் நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மாலையில் இடப்படுவது. ஒருநாள் விடுபட்டதென மறுநாள் இருமுறை இட்டால், அதன் பயன் குறையவும் கூடும்.