தூணிலிருந்து புடவைக்கு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போகிறவர்கள் கல் சங்கிலியை அண்ணாந்து பார்ப்பார்கள். புதுப் புடவைக்கு டிசைன் தேடி வந்தவர் கண்ணோ தூணில் இருக்கிற யாளி மேல் நிற்கும்.

அந்த யாளி பட்டுக்கு இடம் மாறுவது லேசில்லை. முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். ஊடும் பாவும் நேராகத்தான் ஓடும், வளையாது. அதனால் சிற்பி ஒரே வளைவாகச் செதுக்கிய வால், இங்கே படிப்படியாகத்தான் இறங்கும். பிறகு அட்டையில் துளை போட்டு தறியின் ஜக்கார்டு கருவியில் ஏற்றுவார்கள். ஜக்கார்டு வருவதற்கு முன்னால், டிசைனை 'அடை' என்று நூலிலேயே கட்டி வைப்பார்கள். ஒருவர் இழையைத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் நெய்வார்.

எல்லா டிசைன்களும் கோயிலிலிருந்து வந்தவை இல்லை. மயில்கண், குயில்கண், மல்லிமொக்கு... தோட்டத்தையும் விடவில்லை!

இந்தப் பழைய டிசைன்களை மறுபடி தேடிப் போனவர்களும் உண்டு. சென்னையில் 1936-ல் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே நெசவுக்கும் ஓர் இடம் அமைத்தார். அவர் புதுமைக்காக எங்கும் அலையவில்லை. பழைய பட்டுப்புடவைகளின் கரையையும் நிறத்தையும் பார்த்து, மறுபடி நெய்ய வைத்தார்.

உங்கள் வீட்டு பீரோவிலும் அம்மாவின் கல்யாணப் புடவை இருக்கும். கரையை விரித்துப் பாருங்கள். பறவை தெரிந்தால் வாலைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் தலையாகவே இருக்கிறதா? நெசவில் பிழை இல்லை. அது இருதலைப்பட்சி.