திறவாக் கதவுகள்



சென்ற கோடை விடுமுறையில் என் தமையனாரின் மகன் தஞ்சைக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவன். மாலை வேளைகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து கணிப்பொறி விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருப்பான். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்னும் விளையாட்டு அது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைப் பார்த்து அமைத்த கற்பனை நகரம் ஒன்று அதில் விரிந்து கிடக்கிறது. கடற்கரை, மலை, பாலைநிலம், தெருத்தெருவாக வீடுகள். ஆடுபவன் எங்கும் தன் விருப்பம்போல் திரியலாம். அங்கு நடக்கும் அடிதடிகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் மாலை வெயில் வீட்டுச் சுவர்களில் சாயும் அழகைக் கண்டு நானும் அவனருகில் அமர்ந்துவிட்டேன்.

“அதோ, அந்தப் பச்சை வீட்டிற்குள் நுழை, பார்ப்போம்” என்றேன்.

“அது திறக்காது, சித்தப்பா. அது சும்மா வீடு” என்றான்.

சும்மா வீடு! அந்தச் சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. கதவு உண்டு, சன்னல் உண்டு, சன்னலில் திரையும் உண்டு. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. நகரின் வீடுகளுள் மிகப் பல இத்தகையவையே என்று அறிந்தபோது வியப்பு மிகுந்தது. வானளாவிய மாளிகைகளைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஓர் அடுக்களை கட்டவா தெரியாது?

தெரியும். ஆனால் அதற்கு ஆகும் உழைப்பு பெரிது. வெளிச்சுவர் ஒன்றை வரைந்துவிட்டால் அதையே நிறம் மாற்றிப் பத்துத் தெருக்களில் நிறுத்தலாம். அறையோ அவ்வாறன்று. நாற்காலி, பாத்திரம், சுவரில் மாட்டிய படம், விளக்கின் ஒளி, மூலையின் நிழல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒருவர் இருந்து செய்தாக வேண்டும். அவை அனைத்தையும் பொறி தன் நினைவில் சுமக்கவும் வேண்டும். ஆடுபவனின் தோளுக்குப் பின்னால் நின்று காட்சியைக் காட்டும் ‘காமிரா’ குறுகிய அறையில் சுவரோடு முட்டிக்கொள்ளும். இதனால் பல விளையாட்டுகளில் உள்ளறையைத் தனி உலகமாகவே வைத்துவிடுகிறார்கள். கதவைத் தொட்டதும் திரை இருண்டு, சற்றுப் பொறுத்து அறை தோன்றுகிறது. 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ இவ்வகையைச் சேர்ந்தது.

தந்திரம் ஒன்றும் உண்டு. 2018-இல் வெளியான ‘ஸ்பைடர்மேன்’ விளையாட்டில் நியூயார்க் மாளிகைகளின் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே அறைகள் தெரியும். அவை அறைகள் அல்ல. கண்ணாடித் தளத்தின்மேல், பார்ப்பவர் நகர நகர ஆழம் உள்ளதுபோல் தோன்றும்படி கணக்கிட்டுத் தீட்டிய மாயம். கட்டடத்தின் மூலையில் நின்று இரு பக்கச் சன்னல்களையும் ஒருங்கே நோக்கினால், ஒரே அறை இரண்டு வேறு அறைகளாகத் தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

கதவைத் திறந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1996-இல் வந்த ‘டாக்கர்ஃபால்’ என்னும் விளையாட்டில் ஊர்களும் நிலவறைகளுமாக 15,000-க்கு மேற்பட்ட இடங்கள், வீடுகளுக்குள்ளும் நுழையலாம். ஆனால் அவற்றைப் பெரும்பாலும் பொறியே விதிப்படி அடுக்கியமையால், பத்து வீடு பார்த்தவனுக்குப் பதினோராவது வீட்டில் புதுமை ஒன்றும் இராது. அதற்கு நேர்மாறானது 1999-இல் ஜப்பானியர் செய்த ‘ஷென்மூ’. அதில் இடம் சிறிது. யோகோசுகா என்னும் ஊரின் சில தெருக்களே. ஆயினும் கதைத்தலைவன் தன் வீட்டின் மேசை இழுப்பறைகளையும் இழுத்துப் பார்க்கலாம். தெருவில் செல்பவர்க்குப் பெயர் உண்டு. அவரவர்க்குரிய அன்றாட நடைமுறையும் உண்டு. இவ்விரண்டில் எனக்கு ஷென்மூவே உயர்ந்ததாகப் படுகிறது. ஆயிரம் வெற்றறையினும் ஒருவர் புழங்கிய ஓர் அறை மேல் அன்றோ?

நிற்க. கணிப்பொறி விளையாட்டைப் பற்றித் தஞ்சையிலிருந்து ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரிலும் திறவாக் கதவு ஒன்று இருப்பதே காரணம்.

பெரிய கோயிலைக் காணாத மாணவர் இம்மாவட்டத்தில் அரியர். முதலாம் இராசராசன் எடுப்பித்து ஏறத்தாழ 1010-இல் நிறைவெய்திய அவ்விமானம் சுமார் 66 மீட்டர் உயரம் உடையது. நாம் வெளியே சுற்றி வருகிறோம், சன்னிதியில் வணங்குகிறோம், திரும்புகிறோம். ஆனால் கருவறைக்குச் சுவர் ஒன்றன்று, இரண்டு. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே குறுகிய இருண்ட சுற்றுப்பாதை ஒன்று ஓடுகிறது. அதற்கு மேல் தளத்திலும் அவ்வாறே ஒரு பாதை உண்டு. அதற்கும் மேலே, கோபுரம்போல் எழும் விமானத்தின் உட்புறம் கற்கள் படிப்படியாக நெருங்கிக் குவியும் வெற்றிடமாகும். வெளியே மலை, உள்ளே குகை.

இந்த உட்பாதையில் இருப்பது என்ன? 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அங்குச் சென்றபோது, நாயக்கர் கால ஓவியங்கள் பெயர்ந்திருந்த இடங்களில் அடியிலிருந்து வேறோர் ஓவியம் தலைகாட்டக் கண்டார். அது சோழர் கால ஓவியம்! ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டும் முறையில் அது வரையப்பட்டது என்பதைச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து கூறினார். பின்னர்த் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகையில் பதித்து, அடியிலிருந்ததை வெளிக்கொணர்ந்தனர். ஒன்றைக் காப்பதற்கு மற்றொன்றை அழிக்கவில்லை என்பதை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

தில்லைக் கூத்தன், முப்புரம் எரித்த வீரன், வெள்ளை யானைமீது கயிலை ஏகும் சுந்தரர், குதிரைமீது தொடரும் சேரமான் பெருமாள் என அச்சுவர்கள் நிறைந்திருக்கின்றன. சுந்தரரின் மணவீட்டில் சமையல் நடக்கும் காட்சி ஒன்றும் உண்டு. நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிப்பது இதைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அடுக்களை ஒன்று பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது! மேல்தளத்திலோ 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81-இல் நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. விளையாட்டு அமைப்போர்க்கு மட்டும்தான் உள்வேலை முடியாமற் போகும் என்று எண்ணவேண்டா.

பொதுமக்கள் அங்குச் செல்ல இசைவில்லை. ஓவியங்களின் படங்களைக் கோயில் வளாகத்து விளக்கக் கூடத்தில் காணலாம். “எங்கள் ஊர்ச் செல்வத்தை நாங்கள் ஏன் காணலாகாது?” என்று மாணவர் சிலர் என்னிடம் சினந்து கேட்டதுண்டு. அச்சினம் நியாயமானதே, எனினும் நான் அவர்கள் கட்சியில் சேரமாட்டேன். பிரான்சு நாட்டில் லாஸ்கோ என்னும் குகையில் தொல்பழங்கால ஓவியங்களை 1940-இல் கண்டெடுத்தார்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர் விட்ட மூச்சே சுவரில் பாசி படியக் காரணமாயிற்று. 1963-இல் குகையை மூடினார்கள். 1983-இல் அருகிலேயே நகற்குகை ஒன்றைச் செய்து திறந்தார்கள். குறுகிய நம் பாதையில், திருவிழா நாளொன்றின் கூட்டம் நுழைந்தால் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்குதான் அந்தச் சும்மா வீட்டின் நினைவு எனக்கு மீண்டும் வருகிறது. 2014-இல் வெளியான ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ பழைய பாரிசு நகரைக் காட்டுகிறது. அதில் நோத்ர தாம் தேவாலயத்தின் உள்ளே புகுந்து தூண்களுக்கிடையே உலவலாம். அந்தக் கட்டடத்தை அமைக்க ஒரு கலைஞருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது. 2019 ஏப்ரலில் உண்மைத் தேவாலயத்தின் கூரை தீக்கிரையானது. அது மூடிக்கிடந்த காலத்தில் எங்கிருந்தோ பலர் இந்த விளையாட்டின் வழியே உள்ளே சென்றனர். கதவு திறவாமைக்குப் பேர்போன ஒரு கலை, மூடிய கதவொன்றைத் திறந்து காட்டிற்று. நம் சுற்றுப்பாதைக்கும் இது இயலாததன்று. மூச்சு படாது, கை படாது.

ஆனால் பெரிய கோயிலை மட்டும் கட்டினால் சோழர் தஞ்சை ஆகிவிடாது. இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியமர்த்தினான். ஒருவருக்கு ஒரு பங்கு; ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய நூறு கலம் நெல். இதைச் சொல்லும் கல்வெட்டு, எத்தளிச்சேரி, எந்தச் சிறகு, தலைவீடா இரண்டாம் வீடா மூன்றாம் வீடா என்று முறைப்படுத்தி, அங்கிருந்தவளின் பெயரையும் அவள் வந்த ஊரையும் குறிக்கிறது. திருவாரூரிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். தஞ்சைக் கல்வெட்டுகளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ட்ஸ் என்பார் படித்து அச்சிட்டிராவிட்டால் இவ்விவரங்களை நாம் எளிதில் அறிந்திருக்கமாட்டோம். விளையாட்டு நகரில் வீடு உண்டு, ஆளில்லை. இங்கோ ஆள் உண்டு, பெயருண்டு, கதவெண்ணும் உண்டு, வீடுதான் இல்லை. அவ்வீடுகளை இன்று யாரேனும் வரைய முற்பட்டால் எதைப் பார்த்து வரைவார்?

மிக அண்மைக் காலத்து வீடுகளே மறைந்துவருகின்றன. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அறுவடை நெல்லைக் கொட்டிவைக்கும் மரப்பத்தாயம், கிணற்றோடு கூடிய கொல்லை என்று நீண்டு கிடந்த காவிரிக்கரை வீடுகளில் பல இடிபட்டுவிட்டன. தெருவிலிருந்து எடுத்த படங்கள் அவற்றிற்கு ஏராளம். பத்தாயத்தின் அடிக்கதவை உயர்த்தினால் நெல் சரிந்து வரும் ஓசையை எந்தப் படமும் வைத்திருக்கவில்லை.

விடுமுறை முடிந்து ஊர் திரும்புவதற்கு முதல்நாள் தமையன் மகனைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். விமானத்தின் தென்புறம் நின்று, “இந்தச் சுவருக்குள் இன்னொரு சுவர் இருக்கிறது; நடுவே வழி போகிறது” என்றேன். அவன் கல்லில் காதை வைத்தான். காவலர் ஒருவர் அதட்டினார். விலகி வந்து, “உள்ளே எத்தனை அடி அகலம் இருக்கும், சித்தப்பா?” என்று கேட்டான். “சுமார் ஆறு அடி” என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மண்டபத்துப் படியில் அமர்ந்து, இரண்டு கட்டங்களை ஒன்றினுள் ஒன்றாக வரையத் தொடங்கினான்.