கவனிப்பாரற்ற குழந்தை: பொறுப்பு யாருடையது?

ஒரு குழந்தையை அடித்துத் துன்புறுத்துவதைக் கண்டால் நாம் பதறிப்போகிறோம். லயத்தில் நான்கு வீட்டார் கூடி, “பெற்ற பிள்ளையை இப்படியா அடிப்பது?” என்று கேட்டுவிடுவர். ஆனால், அடியும் வசையுமின்றி, வெறுமனே கவனியாது விடப்படும் குழந்தையைக் குறித்து எவரும் வாய் திறப்பதில்லை. அக்கொடுமைக்கு ஓசையில்லை, உடலில் தழும்பில்லை. அதனாலேயே அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. அத்தகைய குழந்தையைப் பற்றியும், அதன் பொறுப்பு எவரெவரைச் சாரும் என்பது பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

பால்மரத்தின் இயல்பை நீங்கள் நன்கறிவீர்கள். பொழுது புலருமுன், குளிர்ந்த வேளையில், பட்டையினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால்தான் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற வடிதல் குறைந்துவிடும். ஆகவே, பிரட்டில் பெயர் கொடுக்கும் நேரமும் குழந்தை அயர்ந்து உறங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. நிரையை வெட்டி முடித்து, பால் வடியும்வரை காத்திருந்து, மங்குகளிலிருந்து வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நண்பகல் கடந்துவிடும். கணவனும் மனைவியும் இருவருமே வெட்டுக்குச் செல்லும் குடும்பத்தில், அந்த ஏழெட்டு மணி நேரம் குழந்தை எவர் பொறுப்பில் இருக்கின்றது? இக்கேள்விக்கு விடையுள்ள வீட்டில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. விடையில்லாத வீட்டில்தான் ஏனைய துன்பங்கள் யாவும் தொடங்குகின்றன.

முன்னாளில் பெரிய தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. மரம் வெட்ட இயலாத மூதாட்டி ஒருத்தி, வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்களை ஆட்டிக்கொண்டு அங்கே அமர்ந்திருப்பாள். அக்கொட்டகையில் குறைகள் பல இருந்தன; தூய்மை போதாது, ஒரு குழந்தையின் சளி பத்துக் குழந்தைகளுக்கும் பரவும். இருப்பினும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி தாய்க்கு இருந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்திலும், அதன்பின் இரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்த காலத்திலும், பல கொட்டகைகள் மறைந்தொழிந்தன. கொட்டகை போயிற்று, பிரட்டு நேரமோ மாறவில்லை.

தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் ஒன்று 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் அச்சட்டம் பேசுகின்றது. ஆகவே, குழந்தைக் காப்பகம் என்பது நிருவாகம் மனமிரங்கி வழங்கும் சலுகையன்று. தாயின் உழைப்பைப் பெறுகிறவர், அவள் உழைக்கும் நேரத்தில் அவளுடைய குழந்தைக்கு ஓர் இடம் உண்டா என்று கேட்கவும் கடமைப்பட்டவரே.

இனிப் பெற்றோருக்கு வருவோம். 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நடப்பில் உள்ளது. பதினெட்டு வயது நிரம்பாத ஒவ்வொருவரும் அச்சட்டப்படி குழந்தையே. அதன் 31ஆம் பிரிவு குழந்தையைத் துன்புறுத்துவதையும், புறக்கணிப்பதையும், கைவிடுவதையும் ஒரே தட்டில் வைத்துக் குற்றமாக்குகின்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அக்குற்றத்திற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 33ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. தகுந்த மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் குழந்தையைத் தனியே விட்டுச் செல்வதையே அது குற்றம் என்கிறது. குழந்தைக்குக் கேடு விளைந்த பின்னர்தான் சட்டம் விழிக்கும் என்று எண்ணுதல் வேண்டா.

இவ்விடத்தில் நாம் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். கதவைப் பூட்டிவிட்டு வெட்டுக்குச் சென்ற தாயைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன், “இவளும் ஒரு தாயா?” என்று ஊரே ஏசுகின்றது. அக்குழந்தைக்குத் தந்தையும் ஒருவர் உண்டு என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. அதே விடியற்காலையில் அவரும் அதே கதவைத்தான் கடந்து சென்றார். சட்டம் ‘தாய்’ என்று மட்டும் கூறவில்லை; பெற்றோர், காப்பாளர், அவ்வேளையில் குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் என்றே கூறுகின்றது. பிள்ளைப்பேற்று விடுப்பு 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் 98 நாளாக உயர்த்தப்பட்டபோது, தனியார் துறையில் மணமான தந்தைக்கும் ஊதியத்துடன் ஏழு நாள் விடுப்பு வழங்கப்பட்டது. ஏழு நாள் சிறிதுதான். ஆயினும், குழந்தை வளர்ப்பில் ஆணுக்கும் பங்குண்டு என்பதை வேலைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த ஏழு நாளையும் கள்ளுக்கடையிலும் சாம்சுப் புட்டியிலும் கழிப்பவரைப் பற்றி நாம் என்ன சொல்வது? சம்பள நாளன்று பால்மாவுக்கு வைத்த பணம் குடிக்குச் சென்றால், அதுவும் குழந்தையைப் புறக்கணித்தலே. அதனைச் செய்தவர் வீட்டில் இருந்தாரா, வெட்டில் இருந்தாரா என்பது கேள்வியன்று.

‘மூத்தவள் பார்த்துக்கொள்வாள்’ என்பது நம்மிடையே வழங்கும் எளிய விடை. பத்து வயதுச் சிறுமி இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு, அடுப்பில் உலை வைக்கிறாள். பார்ப்போர், “எவ்வளவு பொறுப்பான பெண்!” என்று மெச்சுகின்றனர். நமக்கோ அப்புகழ்ச்சி கசக்கின்றது. ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையைக் கவனிப்பாரற்றவளாக்கிவிட்டோம் என்பதே அதன் பொருள். தொடக்கப்பள்ளிக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராத சிறுமியை ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டு வாளாவிருந்தால், அப்பொறுப்பில் அவருக்கும் ஒரு பங்குண்டு.

வீட்டினுள்ளே காத்திருக்கும் கேடுகளையும் கூறவேண்டும். மீந்த புல் மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிச் சமையலறை மூலையில் வைப்பதும், பாலை உறையவைக்கும் திராவகத்தைக் குவளையில் எடுத்து வருவதும் தோட்டங்களில் புதிய செயல்களல்ல. தாகமெடுத்த மூன்று வயதுக் குழந்தைக்குப் புட்டியின் படம் தெரியும். உள்ளிருக்கும் நஞ்சு தெரியாது. பலர் உயிரைக் குடித்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஏனைய மருந்துகளும் பாலன்று. அவற்றைப் பூட்டுள்ள கிடங்கில் வைப்பது நிருவாகத்தின் கடமை. வீட்டிற்குக் கொண்டுவராமலிருப்பது நம் கடமை.

உணவைப் பற்றி ஒரு சொல். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர் என 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. ஐந்தில் ஒரு குழந்தை! வயிறு நிறைந்தால் போதும் என்று வெறுஞ்சோற்றையும் இனிப்புத் தேநீரையும் கொடுத்துவரும் வீட்டிலும் வளர்ச்சி குன்றும். கிளினிக்கில் எடையும் உயரமும் குறிக்கும் குழந்தை நலப் பதிவேட்டைத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

பெட்டி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. நம் மக்களிடையே மிக நெடுங்காலம் கவனிக்கப்படாது கிடந்த புறக்கணிப்பு, தாள்களைப் பற்றியது. கோவிலில் தாலி கட்டினால் திருமணம் முடிந்தது என்று எண்ணிப் பதிவு செய்யாமல் விட்டவர் பலர். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நடப்புக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்படவேண்டும். பதிவில்லாத மணத்தில் பிறக்கும் குழந்தை, குடியுரிமைக்குத் தந்தையைச் சார முடிவதில்லை, தாயையே சார்கின்றது. தாயிடமும் ஆவணம் இல்லையெனில் குழந்தை எந்நாட்டுக்கும் உரியதன்று என்ற நிலைக்கு ஆளாகிறது. பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைக் கட்டணம், பின்னாளில் வேலை, ஒவ்வொரு வாயிலிலும் அப்பிள்ளை தடுத்து நிறுத்தப்படுகிறது. 2011ஆம் ஆண்டில் இந்தியர்களுக்காக ‘மைடஃப்தார்’ என்னும் தனிப் பதிவு இயக்கம் நடத்த நேர்ந்ததிலிருந்தே இக்குறையின் அளவை உணரலாம். இதில் பெற்றோரின் அசட்டையும் உண்டு. எழுத்தறியாத தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லாமல், ‘நாளை வா’ என்று திருப்பி அனுப்பிய அலுவலர்களின் பங்கும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் கூறினால் அது நேர்மையாகாது.

அண்டை வீட்டார் என்ன செய்யலாம்? குழந்தை புறக்கணிக்கப்பட்டுத் துன்புறுவதாக நம்பக் காரணமிருந்தால், மருத்துவரும் குடும்ப உறுப்பினரும் குழந்தைப் பராமரிப்பாளரும் அதனை உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று குழந்தைகள் சட்டம் விதித்துள்ளது. மாமியாரும் சித்தப்பாவும் ‘வீட்டு விவகாரம்’ என்று மூடிமறைக்க வழியில்லை. அண்டை வீட்டார்க்கு அக்கட்டாயம் இல்லை. ஆயினும், நன்னம்பிக்கையுடன் தகவல் தருவோரைச் சட்டம் காக்கின்றது. ‘தாலியான் காசே’ எனப்படும் 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

“சொன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே!” என்று அஞ்சி வாய்மூடியிருப்போர் பலர். அவ்வச்சம் முற்றிலும் சரியன்று. பெற்றோரிடம் பிணைமுறி எழுதி வாங்கிக் குழந்தையை அவர்களிடமே விடவும், தகுந்த உறவினரிடம் ஒப்படைக்கவும் சிறார் நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. வறுமையே காரணமாயின், சமூகநல இலாகாவின் மாத உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முன்னதாகவே இலாகாவின் வாயிலை மிதிக்கும் தாயை எவரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை நிருவாகத்துடன் சங்கப் பிரதிநிதிகள் பேச அமரும்போது, சம்பளம், தண்ணீர், கூரை ஆகியவற்றுடன் இதனையும் கேட்கச் சொல்லுங்கள்: வெட்டுக்குச் செல்லும் தாய்மார் எத்தனை பேர், பள்ளி வயதெய்தாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைக் காலை ஐந்து மணிக்கு ஏற்றுக்கொள்ளும் காப்பகம் எங்கே? பெயர்ப் பட்டியலை நீங்களே எழுதிக் கொண்டு செல்லுங்கள். தந்தையர் பெயரையும் அதில் சேர்த்தெழுதுங்கள்.