வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் விதியா, கிருமியா?
(ஒரு சொற்பொழிவின் சாரம்)



அல்சர் என்னும் வயிற்றுப்புண்ணைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். வயிறு எரிந்தால் ஒருவர் “என் தலைவிதி” என்கிறார். மற்றொருவர் “மிளகாய் செய்த வேலை” என்கிறார். பாமர ஜனங்கள்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். பெரும் படிப்புப் படித்த டாக்டர்களே வெகுகாலம்வரை, கவலையாலும் காரத்தாலும் மிகுந்த புளிப்பு நீரே காரணம் என்று சாதித்துவந்தார்கள். பாலைக் குடி, கவலையை விடு என்பார்கள். கேளாவிட்டால் இரைப்பையில் ஒரு பாகத்தையே அறுத்தெடுப்பார்கள். 1970-களில் புளிப்பு நீரைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து வந்தது. புண் ஆறிற்று, ஆனால் மருந்தை நிறுத்தினால் பலருக்கு மறுபடியும் வந்தது. ஏன் வந்தது?

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர் ராபின் வாரன் 1979-ல் இரைப்பைச் சதைத்துணுக்கில் சுருள் வடிவான கிருமியைக் கண்டார். “அந்தப் புளிப்பில் கிருமி பிழைக்குமா?” என்று மற்றவர்கள் சந்தேகித்தார்கள். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்து 1982-ல் அக்கிருமியை வளர்த்துக் காட்டினார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் கண்டன. குழாய்விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது, கிருமியும் இருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே தோழர்களே! வயிற்றுப்புண்ணுக்குப் பெருங்காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி. மற்றொன்று ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள். மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம். பீடி சிகரெட் புண்ணை ஆறவிடாது. கிருமி உண்டா என்பதை மூச்சையோ மலத்தையோ சோதித்து அறியலாம். இருந்தால் ஒமிப்ரசோல் போன்ற மருந்தோடு, கிருமியைக் கொல்லும் மருந்து இரண்டு மூன்றைச் சேர்த்து டாக்டர் பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார். நாலாம் நாள் வலி நின்றதென்று நிறுத்தாதீர்கள். அரைகுறையாய் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். முடித்து நாலு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதியுங்கள். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இருதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார்போல் கறுத்தாலும், இரத்தமாய் வாந்தி எடுத்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் சொல்லுவதாலும் நம்பவேண்டாம். பெரியவர்கள் சொன்னார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், சோதித்துப் பார்த்த இருவரால்தான் இந்நோய்க்கு விடிவு பிறந்தது. நீங்களும் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்காமல், காரணத்தைச் சோதித்து அறியுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.