ஒத்திக்கு வீடு எடுப்போர் கவனத்திற்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முன்பெல்லாம் ஜும்ஆ முடிந்து நம்மைச் சந்திப்போர் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துத் தருமாறு கேட்பார்கள். இப்போது வீடு பார்த்துத் தருமாறு கேட்கிறார்கள். வரன் கூட எளிதாய்க் கிடைத்துவிடுகிறது.

திருச்சியில் வீடு தேடுவோர் விவரம் அறியாதவர்கள் அல்லர். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி, உறையூர், புத்தூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை இவ்வூரார் மறக்கவில்லை. தரைத்தளத்தில் வீடு பார்க்கச் செல்பவர், "அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை நின்றது?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டே முன்பணம் தருகிறார். காவிரித் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்க்குமா, 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பின் வேலைக்குச் செல்ல எத்தனை வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார். தண்ணீருக்கும் பேருந்துக்கும் காட்டும் இந்தக் கவனம் பத்திரத்தின் மீது மட்டும் ஏனோ இருப்பதில்லை.

நம் மஹல்லாவில் நடந்ததையே சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஜவுளிக் கடையில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், மனைவியின் நகையை விற்றும், வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பியதைச் சேர்த்தும் ஆறு இலட்சம் ரூபாய் திரட்டி, மூன்றாண்டு ஒத்திக்கு ஒரு வீடு எடுத்தார். முத்திரைத்தாளில் எழுதி இருவர் சாட்சிக் கையெழுத்திட்டனர். பதிவு செய்யவில்லை. பதினான்கு மாதம் கழிந்தபோது வாசற்கதவில் ஒரு வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அந்த வீடு முன்னமே கடனுக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது. வீடு ஏலத்திற்குச் சென்றது. உரிமையாளரிடமிருந்து இன்று வரை கைக்கு வந்தது நாற்பதாயிரம் மட்டுமே.

அந்தத் தாள் எழுதப்பட்ட நாளில் நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். துஆச் செய்தோம், தேநீர் அருந்தினோம். மூலப்பத்திரம் எங்கே என்று கேட்கவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மக்தப் பிள்ளைகளிடம் கேட்டால் அல்பகராவின் 282 என்பார்கள். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. அதை அவர்களுக்குக் கற்பித்த நாமே அன்று வாய் மூடி இருந்தோம்.

ஒத்தி, போக்கியம், லீஸ் என்று எப்பெயரால் அழைத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் ஈடாகும் இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும். ஆகவே பணம் தருமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதுவும் போதாது, மூலப்பத்திரத்தைக் கண்ணால் காணுங்கள். நகலை மட்டும் நீட்டினால், அசல் எங்கிருக்கிறது என்று கேளுங்கள். ஸ்ரீரங்கத்தில் வீடு பார்ப்போருக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கட்டடம் ஒருவருக்கும் அடிமனை கோயிலுக்கும் உரியதா என்ற பிரச்சினை நெடுநாளாய் இருந்து வருகிறது. மாத வாடகைக்குச் செல்பவருக்கு அதனால் பெரிய கவலையில்லை. இலட்சங்களைக் கொடுத்துக் குடியேறுபவர் கேட்காமல் இருக்கலாகாது.

கேட்டால் வீடு கை நழுவிவிடுமே என்பார்கள். அந்த அச்சத்தை நாம் அறிவோம். தொலைபேசியில் "காலியாக இருக்கிறது" என்றவர், பெயரைக் கேட்டதும் "நேற்றே விட்டுவிட்டோம்" என்கிறார். தில்லிப் பகுதியில் சுகதேவ் தோரட் முதலானோர் நடத்தி 2015இல் வெளியான ஆய்வும் தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீடு மறுக்கப்படுவதையே காட்டியது. பல முறை மறுக்கப்பட்டவர், கிடைத்த இடத்தில் எதையும் கேளாமல் பணத்தை நீட்டிவிடுகிறார். ஆனால் நம்மில் வீடு வைத்திருப்போரும் விதவைக்கும், வெளியூர் மாணவருக்கும் இதே பதிலைச் சொல்வதுண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இனி மார்க்கத்தின் பக்கம். ஆறு இலட்சம் கொடுத்தோம். மூன்றாண்டு வாடகையின்றிக் குடியிருந்தோம். ஆறு இலட்சத்தையும் குறைவின்றித் திரும்பப் பெறுகிறோம். கொடுத்தது கடன், ஈடாக நின்றது வீடு. அப்படியானால் மூன்றாண்டுக் குடியிருப்பு எதற்குப் பகரம்? கடனுக்குக் கிடைத்த ஆதாயம் அது. வட்டியின் வாசல் அது. மாதம் நூறு ரூபாய் பெயருக்கு வாடகை என்று எழுதிக்கொள்வோரும் உளர். எட்டாயிரம் பெறும் வீட்டுக்கு நூறு ரூபாய் வாடகையாகாது. புகாரா நகரத்து ஹனஃபி அறிஞர்கள் விவாதித்த 'பைஉல் வஃபா'வைக் காட்டி வாதிடும் ஆலிம்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. நம் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை, அவ்வளவே.

வீட்டுக்காரரின் நெருக்கடியும் பொய்யன்று. மகளின் திருமணத்திற்கோ, மகனின் பயணத்திற்கோ மொத்தப் பணம் தேவைப்படுகிறது. வங்கி வட்டிக்கு அஞ்சி ஒத்திக்கு விடுகிறார். அவருக்கும் வழியுண்டு. அதே ஆறு இலட்சத்தை முன்கூட்டியே பெற்ற வாடகையாக எழுதிக்கொள்ளட்டும். மாதம் எட்டாயிரம் வீதம் கழித்தால் எழுபத்தைந்து மாதம் வரும். மூன்றாண்டில் காலி செய்தால் 2,88,000 ரூபாய் வாடகையில் கழியும். மீதி 3,12,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இருவருக்கும் கணக்கு நேராகும். ஏற்கெனவே ஒத்தியில் இருப்போரும் பேசி இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். இவ்வாண்டு இரு குடும்பங்கள் மாற்றிக்கொண்டன, அல்ஹம்து லில்லாஹ். மூலப்பத்திரம் பார்ப்பது இதிலும் கடமையே.

மாத வாடகைக்கு விடுவோருக்கு ஒரு சொல். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் கூறுகிறது. பத்து மாதம் கேட்டு வாங்கி, காலி செய்யும்போது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று பாதியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கு நம்மிடம் வந்துகொண்டேயிருக்கிறது. முன்பணம் அமானத், செலவழிக்கக் கிடைத்த வருமானம் அன்று.

வாடகை ஒப்பந்தப் படிவம் பள்ளி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஞாயிறு தோறும் அஸருக்குப் பின் நம் மஹல்லாவின் வழக்கறிஞர் சகோதரர் ஒருவர் பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல இசைந்துள்ளார், கட்டணம் இல்லை. பணம் கொடுத்த பின் வராதீர்கள், கொடுக்குமுன் வாருங்கள். காலி வீடு வைத்திருப்போர் அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். இப்போது பதினொரு குடும்பங்கள் காத்திருக்கின்றன.

வஸ்ஸலாம்.