கப்பல் மணியும் தாத்தாவின் பெட்டியும்



வீடு மாறுகிற நாள் வந்தால் பல குடும்பங்களில் ஒரு சிறு சண்டை நடக்கும். ஸ்டோர் அறை மூலையில் கிடக்கும் தாத்தாவின் தகரப் பெட்டியை என்ன செய்வது? "துருப்பிடித்துப் போச்சு, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம்" என்பான் பேரன். "டேய், அது உங்க தாத்தா கப்பலில் கொண்டுவந்த பெட்டிடா!" என்பார் பாட்டி. பெரும்பாலும் பேரன்தான் ஜெயிப்பான். புது வீடு பதினைந்தாவது மாடியில். அங்கே பெட்டிக்கு இடம் ஏது?

பேரனைக் குறை சொல்லிப் பயனில்லை. அது யாருடைய பெட்டி, எந்தக் கரையில் புறப்பட்டது, எந்தக் கரையில் இறங்கியது என்று அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கதை தெரியாதவனுக்குப் பெட்டி வெறும் தகரம்தான்.

கதை போனாலும் பெயர் இருந்தால் பொருள் பிழைக்கும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு சான்று இருக்கிறது. 1836ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறித்துவ ஊழியர் அந்நாட்டின் வடபகுதியில் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே அல்ல. விளிம்பு உடைந்துபோன ஒரு கப்பல் மணி. கவிழ்த்தால் மணி, நிமிர்த்தினால் சட்டி! அதைச் சுற்றித் தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது அவற்றின் பொருள்.

ஒரு சாண் உயரம்கூட இல்லாத அந்த மணி இன்று வெலிங்டன் நகரில், நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவின் சேகரிப்பில் இருக்கிறது. அது எப்படி அவ்வளவு தொலைவு போனது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை. ஆனால் அது ஒரு தமிழ் முஸ்லிமின் கப்பலில் ஒலித்த மணி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. காரணம், அதில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லாதிருந்தால் அது வெறும் வெண்கலத் துண்டு.

இப்போது கிள்ளானுக்குத் திரும்புவோம். 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுகம்தான் 1972ஆம் ஆண்டு முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் பெற்றது. இங்கே வந்திறங்கிய தமிழர்களின் நினைவில் நிற்கும் கப்பல் 'ரஜூலா'. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட அது சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அந்தக் கப்பல் பயணக் காலமும் முடிந்தது.

அக்காலத்தில் காசு குறைந்தவர்கள் கப்பலின் மேல்தளத்தில்தான் பயணம் செய்தார்கள். அறை கிடையாது, கட்டில் கிடையாது. கொண்டுவந்த பாயை விரித்தால் அதுதான் இடம். பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் அதுதான் சுவர். தலைமாட்டில் வைத்தால் அதுவே தலையணை. இறங்கிய பிறகும் பெட்டிக்கு வேலை முடியவில்லை. ரயிலேறித் தோட்டத்து லயத்துக்குப் போனது. ரயில்வே ஊழியர்கள் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கும் போனது. அங்கே அதுவே அலமாரி, அதுவே பணப்பெட்டி. கலியாணப் புடவை, பிறப்புப் பத்திரம், ஊர்க் கடிதம் எல்லாம் அதற்குள்தான். கடலில் ஒரு வாரம் இருந்த பொருள், கரையில் ஐம்பது ஆண்டு குடும்பம் நடத்தியது!

பொருள்கள் போகட்டும், அவற்றின் பெயர்கள் எப்படிப் பிழைத்தன என்று பாருங்கள். மலாய் மொழியில் குளிர்பதனப் பெட்டிக்குப் 'பெத்தி செஜோக்' என்று பெயர். அந்தப் 'பெத்தி' நம் பெட்டிதான். கட்டில் அங்கேயும் 'காத்தில்'. கடை 'கெடாய்' ஆயிற்று. விமானத்துக்குக் 'காப்பால் தெர்பாங்', அதாவது பறக்கும் கப்பல். மீனவரைக் குறிக்கும் 'நெலாயான்' என்ற சொல்லையும் நெய்தல் நிலத்து நுளையரோடு மொழியறிஞர்கள் இணைத்துக் காட்டுகிறார்கள். கிள்ளானில் 'கெடோங் ராஜா அப்துல்லா' என்றொரு பழைய கட்டடம் நிற்கிறது. 1857ஆம் ஆண்டு கிடங்காகக் கட்டப்பட்டது. அந்தக் 'கெடோங்' என்ற சொல்லிலும் நம் 'கிடங்கு' ஒலிக்கிறது.

ஆங்கிலேயர் மட்டும் விட்டுவைத்தார்களா? கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி உலகக் கடலெல்லாம் சுற்றுகிறது. ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிய மரங்கள் அவை. மீன்பிடித்துத் திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் கரையில் காயவைப்பார்கள். கடலில் அது படகு, கரையில் அது மரம். அந்தச் சொற்கள் ஏன் சாகவில்லை? யாரும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டவில்லை. வாய் தினமும் அவற்றைப் புழங்கியது. புழங்கியதால் பிழைத்தன.

தாத்தாவின் பெட்டி இனிப் புழங்கப் போவதில்லை. அதனால் அதற்குத் தேவை அந்தக் கப்பல் மணியின் வழி, பெயரை எழுதிவைப்பது. "எல்லாப் பழைய சாமானையும் சுமந்துகொண்டு அடுக்குமாடியில் வாழ முடியுமா?" என்று இந்த அரங்கில் கேட்பவர்கள் இருக்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் போதும். பெட்டியோ, தூக்குச்சட்டியோ, பாக்கு வெட்டியோ, எதுவானாலும் சரி. அதன் உள்மூடியில் ஒரு தாளை ஒட்டி நான்கு வரி எழுதுங்கள். யாருடையது? எந்த ஊரிலிருந்து வந்தது? எந்த ஆண்டு? எதற்குப் பயன்பட்டது? இடமே இல்லையென்றால் ஒரு படம் எடுத்து, அந்த நான்கு வரியையும் அதன் பின்னால் எழுதிவைத்துவிட்டு, பிறகு கொடுத்துவிடுங்கள். அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோனாலும் அவர்கள் முதலில் கேட்பது இந்த நான்கு கேள்விகளைத்தான்.

இதைத் தள்ளிப்போட முடியாது. 1970ஆம் ஆண்டு ரஜூலாவில் இருபது வயதில் வந்திறங்கியவருக்கு இன்று வயது எழுபதுக்கு மேல். தகரம் துருப்பிடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். மனித நினைவு அவ்வளவு காலம் காத்திராது. பெட்டியைப் பிறகுகூடத் தேடிப் பிடிக்கலாம். அதைத் தலையில் சுமந்து கப்பல் ஏணியில் இறங்கியவரை எங்கே போய்த் தேடுவது?

கடலோடி ஒருவர் தம் மணியில் ஒரே ஒரு வரி பொறித்தார். அவருடைய கப்பல் போயிற்று, மணியின் விளிம்பும் போயிற்று, மணி அடுப்பில் சட்டியாகவும் ஆயிற்று. அந்த வரி மட்டும் அவர் பெயரை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். "பாட்டி, அந்தப் பெட்டி யாருடையது?" என்று ஒரு முறை கேளுங்கள். கையில் ஒரு பேனா இருக்கட்டும்.