ஆர்க்காட்டிலிருந்து வந்த பெரியவர்

பெங்களூர்வாழ் தமிழருள், இன்று உயர் நீதிமன்றமாய் விளங்கும் அட்டாரக் கச்சேரியின் செந்நிறச் சுவர்களைக் காணாதார் இலர். 1860-களில் அதனைக் கட்டும் ஒப்பந்தத்தை ஏற்று முடித்தவர், ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். 1827-இல் எளிய குடும்பத்தில் பிறந்து, இந்நகரில் அயராது உழைத்துச் செல்வரானார். ஈட்டியதைத் தம் வீட்டார்க்கென மட்டும் பூட்டி வைத்தாரில்லை. 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். எண்பதைக் கடந்த முதுமையில், 1910-இல் மறைந்தார். அவர் தொடங்கிய கல்விப்பணியோ இன்றும் தொடர்கிறது.

பிழைக்க வந்த ஊரை நாம் வாடகை வீடாகக் கருதுவதா, சொந்த வீடாகக் கருதுவதா? ஊரார் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாய்க் கொண்ட அப்பெரியவரின் வாழ்வே இதற்கு விடை.